யந்திரத்தின் சாவி யார் கையில்?

சுழலும் யந்திரத்துக்கு மறைப்புப் போட வேண்டும் என்பது இன்று யாரும் மறுக்காத நியாயம். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவு இதைத்தான் விதித்தது. பல்சக்கரமானாலும் சரி, பெல்டானாலும் சரி, ஷாப்டானாலும் சரி, கை படக்கூடிய இடத்தில் வேலி இருக்க வேண்டும். யந்திரம் ஓடும்போது அந்த வேலி அகலக் கூடாது. இந்த ஒரு வரி சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு முன் எத்தனை விரல்கள் போயின, எத்தனை கைகள் போயின என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதி வைக்கவில்லை.

யந்திரத்தின் உடம்புக்கு வேலி வந்தது. யந்திரத்தின் மூளைக்கு வேலி எங்கே? இந்த வாரம் நாம் எழுப்பும் கேள்வி இதுதான்.

மில்லில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அந்த மூளையைப் பார்த்திருக்கிறார்கள். யந்திரத்தின் பக்கத்தில் பேனல் பெட்டி நிற்கிறது. அதைத் திறந்தால் உள்ளே செங்கல் அளவில் ஒரு கருவி. அதிலே சின்னச் சின்னப் பச்சை விளக்குகள். பி.எல்.சி. என்று அதற்குப் பெயர். மறைப்புக் கதவு மூடியிருக்கிறதா, மோட்டார் என்ன வேகத்தில் ஓடுகிறது, சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சென்சார்கள் சேதி சொல்கின்றன. கருவி அந்தச் சேதியைக் கேட்டு, தனக்குள் எழுதி வைத்திருக்கும் புரோகிராமின்படி 'ஓடு', 'நில்', 'வேகத்தைக் குறை' என்று உத்தரவு போடுகிறது. யந்திரம் அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறது. உத்தரவு சரியா தவறா என்று யந்திரம் கேட்பதில்லை.

அந்த உத்தரவை எழுதுவது யார்? எழுதியதை மாற்றுவது யார்? மாற்றியதைத் தெரிந்துகொள்வது எப்படி? யந்திரத்தின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு இது தெரிய வேண்டாமா?

கண்ணுக்குத் தெரியாத மாற்றம்

முன்காலத்தில் யந்திரத்தின் கட்டுப்பாடு முழுவதும் ரிலேயிலும் கம்பியிலும் இருந்தது. யந்திரம் வேலை செய்யும் விதத்தை மாற்ற வேண்டுமானால் எலெக்ட்ரீஷியன் வர வேண்டும். பேனலைத் திறக்க வேண்டும். கம்பியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட வேண்டும். அரை நாள் வேலை. பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும். "என்ன அண்ணே, எதை மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டால் பதிலும் கிடைக்கும்.

1969-ல் அமெரிக்காவில் மோடிகான் என்ற கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலையின் தேவைக்காக, இந்த ரிலேக்களுக்குப் பதிலாக ஒரு கருவியைச் செய்து கொடுத்தது. கம்பியைக் கழற்ற வேண்டாம். புரோகிராமை மாற்றினால் போதும். இது பெரிய முன்னேற்றம். சந்தேகமில்லை. விஞ்ஞானத்தின் இந்தச் சாதனையை நாம் குறை கூறவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கம்பியை மாற்றினால் கண்ணுக்குத் தெரியும். புரோகிராமை மாற்றினால் தெரியாது. லேப்டாப்பைச் சொருகி நாலு தட்டுத் தட்டினால் ஆயிற்று. ஆபீசிலிருந்தும் மாற்றலாம், கம்பி இணைப்பு இருந்தால் வேறு ஊரிலிருந்தும், வேறு தேசத்திலிருந்தும் மாற்றலாம். ராத்திரி ஷிப்டுக்கு வருகிறவனுக்கு, பகல் ஷிப்டு யந்திரமும் தான் ஓட்டப் போகிற யந்திரமும் ஒன்றுதானா என்று தெரியாது. பார்வைக்கு அதே யந்திரம். உள்ளே வேறு புத்தி.

இன்னொரு விஷயம். இந்தக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு முறை வேண்டும். 1979-ல் வந்த மாட்பஸ் என்ற முறை இன்றும் உலகத்துத் தொழிற்சாலைகளில் ஏராளமாகப் புழங்குகிறது. அந்த முறையில், உத்தரவு போடுகிறவன் யார் என்று கேட்கும் ஏற்பாடே இல்லை. யார் சொன்னாலும் கருவி கேட்கும். அந்தக் காலத்தில் கருவிகள் ஒரே கட்டிடத்துக்குள், ஒரே கம்பியில் இருந்தன. வெளியார் உள்ளே வர வழியில்லை. இன்று அதே கருவியை ஆபீஸ் கம்ப்யூட்டரோடும், ஆபீஸ் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டோடும் இணைத்திருக்கிறார்கள். வாசற்கதவு இல்லாத வீட்டை நடுத்தெருவில் கொண்டு வந்து வைத்தது போலாயிற்று.

உலகம் கண்ட பாடங்கள்

"இதெல்லாம் வெறும் பீதி" என்று சிலர் சொல்லக்கூடும். நடந்தவற்றைப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் மரூச்சி என்ற பிரதேசம். 2000-ம் ஆண்டில் அங்கே சாக்கடைப் பம்பு நிலையங்கள் காரணமில்லாமல் கோளாறு செய்தன. பம்பு ஓட வேண்டிய நேரத்தில் நின்றது. எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய நேரத்தில் ஊமையாயிற்று. சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. ஓடை கறுத்தது, நீர்வாழ் உயிர்கள் செத்தன. அந்த நிலையங்களை அமைத்துக் கொடுத்த காண்டிராக்ட் கம்பெனியில் முன்பு வேலை பார்த்த ஒருவர், லேப்டாப்பையும் ரேடியோவையும் வைத்துக்கொண்டு வெளியிலிருந்தே உத்தரவு போட்டார் என்று பிறகு தெரிய வந்தது. 2001-ல் அவருக்கு இரண்டு வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. வேலையை விட்டுப் போனவர் அனுப்பும் உத்தரவைப் பம்புகள் ஏன் கேட்டன? உத்தரவு போடுகிறவன் யார் என்று அவற்றுக்குத் தெரியாது. அதுதான் விஷயம்.

2010-ம் ஆண்டில் ஈரானின் நதான்ஸ் அணு ஆலையைத் தாக்கிய வைரஸ் ஒன்று அம்பலமாயிற்று. ஸ்டக்ஸ்நெட் என்று பெயர் வைத்தார்கள். பென் டிரைவ் மூலமாகவும் பரவும்படி அது செய்யப்பட்டிருந்தது. ஜெர்மனியின் சீமென்ஸ் கம்பெனி செய்த பி.எல்.சி.க்குள் புகுந்து புரோகிராமை மாற்றியது. சுழல் யந்திரங்களுக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை 1,410 ஹெர்ட்ஸ் வரை ஏற்றியது. பிறகு 2 ஹெர்ட்ஸ் வரை இறக்கியது. சுமார் 1,000 யந்திரங்களைக் கழற்றி மாற்ற நேர்ந்தது என்று நிபுணர்கள் கணக்கிட்டார்கள். இதைவிடக் கொடிய சங்கதி ஒன்று உண்டு. அந்த வைரஸ் மாற்றிய பகுதியை, பார்க்க வந்த என்ஜினியரின் கண்ணிலிருந்தே மறைத்தது. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. யந்திரம் மட்டும் நாசமாகிக் கொண்டிருந்தது. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்த வேலை இது என்று அமெரிக்கப் பத்திரிகையே 2012-ல் எழுதியது. இரு சர்க்கார்களும் இதைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளவில்லை. ஈரானோடு அது நிற்கவும் இல்லை. இந்தோனேஷியாவிலும் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அந்த வைரஸ் தொற்றியது.

2014-ல் ஜெர்மன் சர்க்காரின் தகவல் பாதுகாப்பு இலாகா ஓர் அறிக்கை வெளியிட்டது. ஓர் எஃகு ஆலையில் வஞ்சகக் கடிதம் ஒன்று ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் வந்தது. அங்கிருந்து எதிரி ஆலையின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் புகுந்தான். ஊது உலையை முறைப்படி நிறுத்த முடியாமல் போயிற்று. பெருஞ் சேதம் உண்டாயிற்று என்று அந்த அறிக்கை சொல்கிறது. உருகிய இரும்பு நிற்கும் உலையை நிறுத்த முடியாமற் போவது என்றால் என்ன என்பதை அந்தத் தளத்தில் நிற்பவனிடம் கேட்க வேண்டும்.

2015-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி உக்ரேனில் மூன்று மின்சார விநியோகக் கம்பெனிகளின் கண்ட்ரோல் அறைகளில், ஊழியர்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. குளிர்காலத்து இருட்டு. அதைச் சீர்படுத்தியது யார்? கம்ப்யூட்டர் அல்ல. தொழிலாளர்கள் வண்டி ஏறித் துணை மின் நிலையங்களுக்குப் போய், கையால் ஸ்விட்சைப் போட்டு, 1 மணி முதல் 6 மணி நேரத்துக்குள் விளக்கை எரிய வைத்தார்கள். கையால் ஓட்டத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள்; ஊருக்கு வெளிச்சம் வந்தது. "தானியங்கி யந்திரம் வந்துவிட்டது, ஆள் எதற்கு?" என்று கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

சாவியைத் திருப்ப மறந்த கதை

இவை எல்லாவற்றிலும் நம் வாசகர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியது சவூதி அரேபியாவில் 2017-ல் நடந்தது.

பெரிய ரசாயன ஆலைகளில் இரண்டு வகைக் கட்டுப்பாடு உண்டு. ஒன்று ஆலையை ஓட்டுவது. மற்றொன்று காவல்காரன். அழுத்தம் எல்லை மீறினால், விஷவாயு கசிந்தால், யாரையும் கேட்காமல் ஆலையை நிறுத்துவது அதன் ஒரே வேலை. தொழிலாளியின் உயிர் இந்தக் காவல்காரனிடம் இருக்கிறது. சவூதி ஆலையில் எதிரிகள் குறி வைத்தது இந்தக் காவல்காரனைத்தான். உற்பத்தியைக் கெடுப்பது ஒரு மாதிரி; அபாயம் வரும்போது காப்பாற்ற வேண்டிய கருவியின் கையைக் கட்டிப் போடுவது வேறு மாதிரி. இது கொலைக்குச் சமம்.

ஜூன் மாதத்தில் ஆலை தானாக நின்றது. யந்திரக் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினார்கள். ஆகஸ்டில் மீண்டும் நின்றது. அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. எதிரியின் புரோகிராமில் இருந்த பிழையால் காவல்காரன் விழித்துக்கொண்டு ஆலையை நிறுத்தினான். எதிரி செய்த பிழை தொழிலாளரைக் காப்பாற்றியது!

அந்தக் கருவியின் முகப்பில் ஒரு சாவித் துவாரம் உண்டு. சாவியை 'ஓட்டம்' என்ற நிலையில் திருப்பி வைத்தால் யாரும் புரோகிராமை மாற்ற முடியாது. 'புரோகிராம்' என்ற நிலையில் வைத்தால் மாற்றலாம். அந்த ஆலையில் சாவி 'புரோகிராம்' நிலையிலேயே விடப்பட்டிருந்தது! கோடிக்கணக்கில் பணம் போட்டுக் கட்டிய ஆலை. ஆனால் ஒரு சாவியைத் திருப்பி, கழற்றி, பீரோவில் வைக்கும் ஒழுங்கு இல்லை. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற ஊரின் குடிநீர் அமைப்பில் ஒரு பி.எல்.சி. எதிரிகளின் கைக்குப் போயிற்று. ஊழியர்கள் உடனே அதைத் துண்டித்துவிட்டுக் கையால் பம்பை ஓட்டி நிலைமையைச் சமாளித்தார்கள். அந்த ரகக் கருவிக்குக் கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டு என்ன தெரியுமா? '1111'. அதை மாற்றுங்கள் என்று அமெரிக்க சர்க்கார் இலாகாவே ஊர் ஊருக்கு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளையின் உண்டியலுக்குக்கூட இதைவிட நல்ல பூட்டுப் போடுவோம்.

நம் வீட்டு வாசலையும் பார்ப்போம். 2019 அக்டோபர் 29-ந் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தைக் கம்ப்யூட்டர் மூலம் தாக்குவது சாத்தியமே இல்லை என்று நிலையத்தின் சார்பில் அறிக்கை வந்தது. மறுநாள் 30-ந் தேதி, வைரஸ் இருந்தது உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ந் தேதியே விஷயம் அதிகாரிகளுக்குத் தெரியும். நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டரில்தான் வைரஸ் இருந்தது, அணு உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, அவை பாதிக்கப்படவில்லை என்று கழகம் சொன்னது. பிரித்து வைத்தது நல்லதே. ஆனால் சுமார் எட்டு வாரம் ஜனங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அது நல்லதா? முதல் நாள் 'சாத்தியமே இல்லை', மறுநாள் 'உண்மைதான்' என்றால் ஜனங்கள் எதை நம்புவது?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

வெளிநாட்டு எதிரியைப் பற்றி மட்டும் பேசினால் விஷயம் பாதிதான். அனுமதியில்லாத மாற்றம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

கார்டிங் யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்விட்சை அணைத்த பிறகும் அந்தக் கனத்த உருளை வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே உருளை நிற்கும் வரை மறைப்பு திறக்காதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். கதவு திறந்திருந்தால் யந்திரம் கிளம்பாதபடி சென்சார் வைத்திருக்கிறார்கள். உற்பத்தி குறைகிறது என்று ஒருவர் புரோகிராமில் அந்தச் சென்சாரைச் 'சரி' என்று எப்போதும் சொல்லும்படி மாற்றிவிட்டால்? கதவு திறந்திருக்கும், 'மூடியிருக்கிறது' என்று யந்திரம் நினைக்கும். அன்று ராத்திரி, இதெல்லாம் தெரியாத ஒரு பெண் தொழிலாளி சிக்கிய பஞ்சை எடுக்கக் கையை விடுவாள்.

விபத்துக்குப் பிறகு என்ன நடக்கும்? "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்று எழுதுவார்கள். அதற்குள் புரோகிராம் பழையபடி மாற்றப்பட்டிருக்கும். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், யார் உத்தரவின் பேரில் மாற்றினார்கள் என்ற பதிவு இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சாட்சி யார்? அவளது துண்டான விரல்களா?

எல்லோருக்கும் பொதுவாக ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கும் இடத்தில் எவர் செய்ததையும் எவர் தலையிலும் கட்டலாம். அங்கே பாதுகாப்பு இல்லை என்பது மட்டுமல்ல, நீதியும் இல்லை.

ஆகவேதான் சொல்கிறோம்: புரோகிராமைப் பூட்டி வைப்பதும், ஒவ்வொரு மாற்றத்தையும் பெயரோடும் நேரத்தோடும் பதிவு செய்வதும் என்ஜினியர்களின் தனி விவகாரமல்ல. அது தொழிலாளியின் கோரிக்கை. மறைப்புக்கும் கையுறைக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் போராடியது போலவே இதற்கும் நாம் வாதாட வேண்டும்.

"பாஸ்வேர்டைத் தொழிலாளி கையில் கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்று நிர்வாகத்தார் கேட்கலாம். இல்லை. நாம் கேட்பது அதற்கு நேர்மாறானது. உரிமையில்லாத எவரும் தொடக் கூடாது. மானேஜரானாலும் சரி, முதலாளியின் மைத்துனரானாலும் சரி. உரிமையுள்ளவர் தொட்டால் அது பதிவாக வேண்டும். அந்தப் பதிவைத் தொழிலாளர் பிரதிநிதி பார்க்க முடிய வேண்டும். மடியில் கனமில்லாதவருக்கு இதில் என்ன பயம்?

"உள்ளே இருக்கும் ஆட்களால்தான் ஆபத்து, மரூச்சியைப் பாருங்கள்" என்றும் சிலர் சொல்லக்கூடும். மரூச்சியில் குற்றம் செய்தவரை நாம் ஆதரிக்கவில்லை. ஊர் ஓடையை நாசமாக்கியவன் யாராயிருந்தாலும் ஜன விரோதிதான். ஆனால் அந்தச் சம்பவம் புகட்டும் பாடம் என்ன? ஆள் போனால் அவன் கைச்சாவியும் போக வேண்டும். இன்று மில்களில் யந்திரப் பராமரிப்பைக் காண்டிராக்டுக்கு விடுகிறார்கள். இந்த வருஷம் ஒரு கம்பெனி, அடுத்த வருஷம் வேறு கம்பெனி. வந்தவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு தெரியும், போனவர்களுக்கும் தெரியும். நிரந்தர வேலையாளை வெளியே அனுப்பிவிட்டு, நாளொரு ஆளை உள்ளே விட்டுக்கொண்டு, "பாதுகாப்பு இல்லை" என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

பூட்டு யாருக்காக?

இங்கே இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பூட்டு நல்லதுதான். ஆனால் பூட்டு யாருடைய நன்மைக்காக?

போலந்து தேசத்தில் நியூவாக் என்ற கம்பெனி ரயில்கள் செய்கிறது. கீழ் சிலேசியா பிரதேச ரயில்வே அந்த ரயில்களை வாங்கி, பழுது பார்க்க வேறொரு பட்டறைக்கு அனுப்பியது. பழுது பார்த்த பிறகு ரயில்கள் நகர மறுத்தன. யந்திரத்தில் ஒரு குறையும் காணோம். பட்டறை கம்ப்யூட்டர் நிபுணர்களைக் கூப்பிட்டது. போட்டிப் பட்டறைகள் இருக்கும் இடத்தில் ரயில் சில நாட்கள் நின்றால் தானே பூட்டிக்கொள்ளும்படி புரோகிராமில் எழுதியிருந்தது என்று அந்த நிபுணர்கள் 2023 டிசம்பரில் பகிரங்கமாக அறிவித்தார்கள். கம்பெனி இதை மறுத்தது. அவர்கள் மீது வழக்கும் தொடுத்தது. வழக்கு எப்படி முடிந்தாலும் கேள்வி நிற்கிறது: ஜனங்களின் பணத்தில் வாங்கிய ரயிலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?

டிராக்டரிலும் இதே தகராறு. அமெரிக்காவில் ஜான் டீர் கம்பெனியின் டிராக்டரை வாங்கிய விவசாயி, அதைத் தானே பழுது பார்க்க முடியாமல் கம்பெனி ஏஜெண்டை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. பழுது பார்க்க வேண்டிய சாப்ட்வேர் கம்பெனியின் பூட்டுக்குள் இருந்தது. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் தவறினாலும் நஷ்டம். 2023-ல் கொலராடோ மாகாணம், விவசாய யந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் செய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே ஜான் டீர் மீது வழக்குப் போட்டது.

ஆகவே 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிடக் கூடாது. திருடனைத் தடுக்கும் பூட்டு உண்டு. சொந்தக்காரனையே வெளியில் நிறுத்தும் பூட்டும் உண்டு. முன்னது வேண்டும், பின்னது கூடாது. வேலியே பயிரை மேய விடக் கூடாது.

வயற்காட்டில்

"இது மில்காரர்கள் விவகாரம்" என்று விவசாயத் தொழிலாளத் தோழர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

இன்று கிராமங்களில் பம்புசெட்டுக்குப் போன் மூலம் ஓட்டும் ஸ்டார்ட்டர் வந்திருக்கிறது. பண்ணைக்காரர் டவுனில் இருந்துகொண்டே மோட்டாரைப் போடுகிறார், நிறுத்துகிறார். ராத்திரியில் கரண்டு வரும்போது பாம்பு, தேளுக்கு நடுவே வரப்பில் நடக்க வேண்டாம். நல்ல சாதனந்தான். ஆனால் அதுவும் ஒரு பி.எல்.சி.யின் தம்பிதான்! எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் கேட்கும்படி விட்டிருந்தால், அந்த நம்பர் தெரிந்த எவரும் மோட்டாரை ஓட்டலாம். கிணற்றில் இறங்கிப் புட்வால்வைக் கழற்றிக்கொண்டிருக்கும் கூலியாளுக்கு மேலே யார் போன் போடுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? பண்ணைக்காரருக்குத்தான் கீழே ஆள் இருப்பது எப்படித் தெரியும்?

ஆகவே ஒரு விதியை நாமே வைத்துக்கொள்வோம். மெயின் ஸ்விட்சை அணைத்து, பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொள்ளாமல் எந்தத் தொழிலாளியும் கிணற்றில் இறங்கக் கூடாது. மோட்டாரில் கை வைக்கக் கூடாது. போன் எத்தனை முறை அடித்தாலும் பீஸ் கட்டை இல்லாமல் மோட்டார் ஓடாது. எந்த வைரசும் அதை உள்ளே சொருக முடியாது.

நாம் கோருவது என்ன?

விஷயம் தெளிவு. வழியும் தெளிவு. எட்டாத விஞ்ஞானம் எதையும் நாம் கேட்கவில்லை.

1. தொழிலாளியின் உயிரைக் காக்கும் எமர்ஜென்சி ஸ்விட்ச், புரோகிராமை நம்பி இருக்கக் கூடாது. அமுக்கினால் நேராக மின்சாரத்தைத் துண்டிக்கும்படி கம்பியிலேயே அமைக்க வேண்டும்.

2. பி.எல்.சி.யில் சாவி இருந்தால் அது 'ஓட்டம்' நிலையில் இருக்க வேண்டும். சாவி பொறுப்பான ஒருவர் கையில், ரிஜிஸ்தரில் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

3. கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். ஆளுக்கு ஆள் தனிப் பாஸ்வேர்டு. வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டு அன்றே ரத்தாக வேண்டும்.

4. ஆபீஸ் கம்ப்யூட்டரும் யந்திரக் கருவிகளும் ஒரே இணைப்பில் இருக்கக் கூடாது. யந்திரக் கம்பெனி தூரத்திலிருந்து பார்க்க வேண்டுமானால், கேட்ட நேரத்துக்கு மட்டும் வழி திறந்து, வேலை முடிந்ததும் மூட வேண்டும். அந்த நேரத்தில் யந்திரத்தின் அருகே எவரும் கை வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

5. சரியான புரோகிராமின் நகல் ஒன்றைத் தனியே, எந்த இணைப்பிலும் இல்லாமல், பூட்டி வைக்க வேண்டும். யந்திரத்தில் ஓடுவதும் நகலும் ஒன்றுதானா என்று குறித்த காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

6. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெயர், தேதி, நேரம், காரணம் பதிவாக வேண்டும். அடுத்த ஷிப்டு யந்திரத்தைத் தொடுவதற்கு முன் அது நோட்டீஸ் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும்.

7. விபத்து நடந்தால் அந்தப் பதிவை உடனே முத்திரையிட்டு வைக்க வேண்டும். அதைப் பார்க்காமல் எந்தத் தொழிலாளி மீதும் 'அஜாக்கிரதை' என்று குற்றம் சாட்டக் கூடாது.

8. கையால் ஓட்டும் பயிற்சியைத் தொடர்ந்து அளிக்க வேண்டும். அது தெரிந்த ஆட்களை 'உபரி' என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரின் ஸ்தாபனம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. தொழிற்சாலைக் கருவிகள் மீதான தாக்குதலும் அந்த உத்தரவில் அடங்கும். நல்ல உத்தரவு. டில்லிக்கு 6 மணி நேரம். யந்திரத்தின் பக்கத்தில் நிற்பவனுக்கு எத்தனை மணி நேரம்? முதலில் தெரிய வேண்டியது அவனுக்கல்லவா?

1984-ல் போபாலில் ஆயிரக்கணக்கான உயிர்கள் போன பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயமான தொழில் நடக்கும் ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 41-ஜி பிரிவு விதித்தது. அபாயம் நெருங்குகிறது என்று கண்டால் எச்சரிக்கும் உரிமையும், பாதுகாப்பு பற்றிய தகவல்களைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதே திருத்தத்தில் வந்தன. 2020-ல் பார்லிமெண்டு புதிய சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. சட்டத்தின் பெயர் எதுவானாலும் சரி. பாதுகாப்புக் குழுவின் மேஜைக்கு இனி புரோகிராம் மாற்றப் பதிவும் வர வேண்டும். அதைக் கேட்பது சங்கங்களின் வேலை.

நம் கடமை

நிர்வாகத்திடம் கேட்பது ஒரு பாதி. நாம் செய்ய வேண்டியது மற்றொரு பாதி. அதையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

பேனலில் இருக்கும் துவாரத்தில் போனைச் சார்ஜ் போடாதீர்கள். எங்கோ கிடைத்த பென் டிரைவை எந்தக் கம்ப்யூட்டரிலும் சொருகாதீர்கள். அந்தச் சின்னத் துண்டு ஒரு தேசத்தின் அணு ஆலைக்குள் போய் வந்திருக்கிறது. உங்கள் பாஸ்வேர்டை நண்பனுக்கும் கொடுக்காதீர்கள். அவன் தவறு உங்கள் பேரில் எழுதப்படும். உற்பத்தி போனஸுக்காகக் கதவுச் சென்சாரில் காந்தத்தை ஒட்டி ஏமாற்றும் வழக்கம் எந்த ஆலையில் இருந்தாலும் இன்றோடு நிற்கட்டும். நாலு காசு அதிகம் கிடைக்கலாம். போன கை திரும்பக் கிடைக்காது. மேஸ்திரியே சொன்னாலும், "எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

யந்திரம் வழக்கத்துக்கு மாறாக நடந்தால் — சொல்லாமல் கிளம்பினால், வேகம் கூடினால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் — நிறுத்துங்கள். சொல்லுங்கள். எழுதுங்கள். திரை 'சரி' என்று காட்டலாம். ஈரானிலும் திரை 'சரி' என்றுதான் காட்டியது. பல வருஷம் யந்திரத்தோடு பழகிய காது ஒரு சத்தம் மாறினால் கண்டுகொள்ளும். அந்தக் காதை எந்த வைரசும் ஏமாற்ற முடியாது.

ஆகவே அடுத்த சங்கக் கூட்டத்தில், அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில், ஒரே ஒரு கேள்வியை முதலில் எழுப்புங்கள்: "நம் யந்திரத்தின் சாவி யார் கையில் இருக்கிறது? சென்ற மாதம் அதை யார் திருப்பினார்கள்?" பதில் தெரிந்தால் நல்லது. பதில் தெரியாவிட்டால், தெரியும் வரை கேளுங்கள்.